முந்நூறு என்று சொன்னவர்

"நேத்து எத்தனை பேரைத் தொட்டே?" என்றுதான் முதல் நாள் என்னைக் கேட்டார்.

நான் அப்போது திருத்தணி வட்டாரத்தில் அம்மை குத்துபவன். வாக்சினேட்டர் என்பது உத்தியோகப் பெயர். அவர் எனக்கு மேலே, ஹெல்த் இன்ஸ்பெக்டர். சித்தூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய் இல்லை, நல்ல அரிசி இல்லை, மனிதர்களிடம் பொறுமையும் இல்லை. புது அதிகாரி எத்தனை பேருக்கு ஊசி போட்டேன் என்று விசாரிக்கிறார் என நினைத்துக்கொண்டு, "பதினாலு கைக்குக் குத்தினேங்க சார்" என்றேன்.

"அது இல்லப்பா. வீட்டுல, பஸ்சுல, டீக்கடையில எல்லாம் சேத்து. உன் மூச்சு படுற தூரத்துல எத்தனை பேரு நின்னாங்க?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார். யோசித்து, முப்பது நாற்பது இருக்கும் என்று சொன்னேன். அதை ஒரு பழைய ஆபீஸ் பாரத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

ஐம்பதை நெருங்கிய வயது. காக்கி அரைக்கால் சட்டை, வெளிறிப்போன தொப்பி, ஒரு பக்கம் நூலால் கட்டிய கண்ணாடி. வயிற்றில் புண் என்று மூன்று வேளையும் மோர்ச்சாதம்தான். யோசிக்கும்போது பென்சிலின் கூர் முனையாலேயே நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். சாயங்காலத்துக்குள் புருவ நடுவில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். அது எந்த மதத்து நாமம் என்று கடைவீதியில் ஒருவர் என்னிடம் நிஜமாகவே விசாரித்தார்.

யாரைப் பார்த்தாலும் அந்தக் கேள்விதான். நாவிதரிடம், பஸ் கண்டக்டரிடம், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம், தாசில்தாரிடம். சிலர் அதைத் தீட்டு விசாரணை என்று எடுத்துக்கொண்டு கோபித்தார்கள். ஒரு பெரிய மனிதர், "நான் யாரையும் தொடுறதில்ல" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். இவர் அதையும் குறித்துக்கொண்டார். பூஜ்யம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். ஊரில் அவருக்கு 'எத்தினி பேரு ஐயா' என்று பெயர் விழுந்துவிட்டது.

ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்தவர் சாப்பிடவில்லை. எந்த ஊர்க்காரர் எந்த ஊர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பரிமாறுகிறவன் இலையைப் பார்த்துவிட்டு, "பிடிக்கலீங்களா?" என்றான். "பிடிச்சிருக்கு. நீ இதுவரைக்கும் எத்தனை பந்தி போட்டே?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. மலைக்கு ஒரு கிருத்திகையன்று கூட்டிப்போனேன். சாமி பார்க்க அவர் உள்ளேயே வரவில்லை. படிக்கட்டின் திருப்பத்தில் நின்று, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் உரசிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விபூதியோடு திரும்பி வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. "இவ்வளவு பேரு" என்றார்.

அந்தக் கணக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டணத்தில் கணக்குப் பாடத்தில் பி.ஏ. படித்து, சுகாதார இலாகாவில் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்திருக்கிறார். அங்கே டாக்டர்கள் சிலர், நோய் எப்படிப் பரவுகிறது என்பதைச் சூத்திரங்களாகப் போட்டுப் பார்ப்பார்களாம். அந்தக் காகிதங்களை அழகாக எழுதிக் கொடுக்கும் வேலை இவருக்கு. எழுதி எழுதி அர்த்தம் பிடிபட்டுவிட்டது. எனக்கும் ஒரு நாள் கரி பஸ்ஸில் வைத்து விளக்கினார். பெட்ரோல் இல்லாமல் கரியை எரித்து ஓட்டிய பஸ். மேட்டில் ஏறாமல் நிற்கும்போதெல்லாம் அவருக்குப் பேச நேரம் கிடைத்தது.

"அம்மை போட்ட ஒருத்தன்கிட்ட இருந்து மூணு பேருக்குப் போகுதுன்னு வெச்சுக்கோ. ரெண்டு வாரத்துல மூணு. அந்த மூணு பேருகிட்ட இருந்து ஒன்பது. அப்புறம் இருபத்தேழு. ஆனா அப்படியே போயிக்கினே இருக்காது. ஏற்கெனவே அம்மை வந்துபோனவங்க, ஊசி குத்திக்கினவங்க, இவங்ககிட்ட வந்து முட்டிக்கினு நின்னுடும். ஒருத்தன்கிட்ட இருந்து ஒருத்தனுக்குக்கூட முழுசா போகலைன்னா நோவு தானா அவிஞ்சிடும். ஊரு மொத்தத்துக்கும் குத்த வேணாம் முனுசாமி. யாரு அதிகம் பேரைத் தொடுறாங்களோ அவங்களை முதல்ல பிடிக்கணும்."

எனக்கு அது பாதிதான் புரிந்தது.

அந்தப் பங்குனியில் அம்மையார்குப்பத்தில் அம்மை கண்டது. நெசவாளர் ஊர். வீட்டுக்கு வீடு தறி, தறிக்குழியைச் சுற்றிக் குழந்தைகள். இரண்டு தெருவில் எட்டுப் பேர் படுத்திருந்தார்கள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மா வந்திருக்கிறாள் என்று எங்களை உள்ளே விடவில்லை. அவர் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, யார் வந்தார்கள், யார் போனார்கள், நூல் எங்கிருந்து வருகிறது, சேலையை யார் எடுத்துப் போகிறார்கள் என்று மூன்று நாள் கேட்டார். நான்காம் நாள், வைகாசி முடிவதற்குள் முந்நூறு பேர் படுப்பார்கள் என்று எழுதினார். அதற்குப் பிறகு ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டம் மலைக்கு வரும். அப்புறம் என்ன ஆகும் என்று தன்னால் கணக்குப் போட முடியவில்லை என்றும் எழுதினார். இரண்டு வேண்டுகோள் வைத்தார். வாரச் சந்தையை ஆறு வாரம் நிறுத்த வேண்டும். பட்டணத்திலிருந்து ரயிலில் வரும் அம்மைப்பால் குப்பிகள், ஊசிக்கு வேண்டிய மருந்து, மூன்று மடங்காக வேண்டும்.

தாசில்தார் பயந்த மனிதர். முந்நூறு என்ற எண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதலில் இன்ஸ்பெக்டர் பிடிக்கச் சொன்னது மங்கம்மாவை. அவள் வளையல்காரி. சரமாகக் கோத்த மலார வளையலைத் தோளில் போட்டுக்கொண்டு திருத்தணி முதல் ஆர்.கே.பேட்டை வரை வீடு வீடாகப் போவாள். நாற்பது வயதுக்கு மேல், கட்டைக் குரல், யாருக்கும் அடங்காத வாய்.

"இன்னா நைனா, எனக்கு இன்னா நோவா நொடியா? படுத்துக்கினு கீறவங்களை வுட்டுட்டு என்னை எதுக்குக் குத்துற?" என்று என்மேல் பாய்ந்தாள்.

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். "நீ ஒரு நாளைக்கு எத்தனை கை பிடிக்கிறேம்மா?"

"அதெல்லாம் யாரு எண்ணுனா? அம்பது அறுபது கை கீது."

"இந்தத் தாலுகாவுல உன்னைவிட அதிகமா கை பிடிக்கிறவங்க யாரும் இல்ல. கலெக்டருகூட இல்ல."

அவளுக்கு அது பெருமையாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வளையல் சரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அன்றிலிருந்து அவள் எங்கள் ஆளானாள். எந்த வீட்டில் யாரை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். எல்லா வீட்டுக்குள்ளும் போகிறவள் அவள் ஒருத்திதான். நாவிதர், மோர்க்காரி, நூல் மூட்டை சுமப்பவர்கள், சேலை எடுத்துப் போகிறவர்கள் என்று அவர் கொடுத்த வரிசைப்படி நான் குத்திக்கொண்டே போனேன். வெயிலில் அம்மைப்பால் கெட்டுவிடும் என்று ஈரத் துணியில் சுற்றி, விடிந்ததும் கிளம்பி, ஓடாத குறையாக நடந்தேன். அந்தக் கோடையில் வீங்கிய என் கால் பிறகு முழுதாக வடியவேயில்லை.

மொத்தம் பத்தொன்பது பேர் படுத்தார்கள். அதோடு நின்றுவிட்டது. மூன்று பேர் இறந்தார்கள்.

ஆடிக் கிருத்திகை எப்போதும்போல நடந்தது. அது முடிந்த பத்தாம் நாள் மேலதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். சந்தை வியாபாரிகள் மனு போட்டிருந்தார்கள்: வராத நோய்க்கு ஆறு வாரம் எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டார் என்று. பயணியர் பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் வியாபாரிகள், இன்னொரு பக்கம் எங்கள் இன்ஸ்பெக்டர். என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீதானே ஊசி போட்டவன்? எத்தனை பேருக்கு அம்மை கண்டுச்சு?"

"பத்தொம்பது பேருங்க."

"இவர் எத்தனைன்னு எழுதினார்?"

"முந்நூறுங்க."

வியாபாரிகளில் ஒருவர் சிரித்தார். அதிகாரி என்னைப் பார்த்து, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

என் வேலை அப்போது நிரந்தரமில்லை. ஒவ்வொரு வருஷமும் நீட்டிப்பு உத்தரவு வர வேண்டும். வீட்டில் நான்கு பிள்ளைகள். "இல்லீங்க" என்றேன். படியிறங்கிப் போய்விட்டேன்.

சாயங்காலம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவராகவே பேசினார். "நீ சரியாத்தான் சொன்னே. பத்தொன்பதுதான்." கொஞ்ச தூரம் போன பிறகு, "முந்நூறு வரக்கூடாதுன்னுதானே முந்நூறுன்னு எழுதினேன். அதை எப்படிக் காட்டுறது? படுக்காதவங்களைக் கூட்டிக்கினு வந்து, இதோ இவங்கதான்னு நிறுத்த முடியாதே" என்றார்.

அவருடைய சம்பள உயர்வை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். ஊரார் பழைய பெயரை விட்டுவிட்டு 'முந்நூறு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில், "ஐயா, இன்னிக்கு மழை வருமா? கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்பார்கள். "அது எனக்குத் தெரியாதுப்பா" என்று உண்மையாகவே பதில் சொல்வார். அவருக்குக் கேலி புரியவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் டீயை வைத்துவிட்டு எழுந்தவர், "தினமும் பதில் சொல்றதுக்கு அலுப்பா இருக்கு முனுசாமி" என்றார். அதற்கப்புறம் டீக்கடைக்கு வரவில்லை.

ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. எத்தனை பேர், எத்தனை பேர் என்று.

இரண்டு வருஷம் கழிந்தது. யுத்தம் முடிந்திருந்தது, தட்டுப்பாடு முடியவில்லை. நெசவாளர்களுக்கு நூல் ரேஷன். டிப்போவில் மாதத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் மட்டும் நூல் கொடுப்பார்கள். சுற்று வட்டார நெசவாளர்கள் அத்தனை பேரும் ஒரே கொட்டகையில் முந்தின நாளே வந்து படுத்துக் கிடப்பார்கள். வரிசையை விட்டுப் போனால் அந்த மாதம் தறி ஓடாது, அடுப்பும் எரியாது.

மாசி மாதம் மங்கம்மா எங்கள் அலுவலகத்துக்கே வந்தாள். அலுவலகம் என்பது ஒரு அறை, ஒரு மேஜை.

"இன்ஸ்பெட்டரய்யா, அம்மையார்குப்பத்துல அஞ்சு வூட்டுல வேப்பிலை கீது. வாசல்ல இல்ல, கொல்லையில செருகி வெச்சிக்கினு கீறாங்க. படுத்தவன் ரேஷன் நூலு வாங்கப் போகக் கூடாதுன்னு சொல்லிடுவாங்கன்னு பயம்."

அவர் அன்று முழுக்க மேஜையை விட்டு எழவில்லை. மறுநாள் எனக்குக் காட்டினார். நூற்று இருபது. முன்பு நாங்கள் குத்தினவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இந்தத் தடவை முந்நூறுக்குப் போகாது என்றார். ஆனால் கொட்டகைக் கூட்டம் ஒரு முறை கூடினால் நூற்று இருபது நிச்சயம் என்றார். நூலை ஊர் ஊராகப் பிரித்து அனுப்ப வேண்டும், கூடுதல் அம்மைப்பால் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார்.

பதில் சீக்கிரமே வந்தது. முன்பு நீர் முந்நூறு என்றீர், வந்தது பத்தொன்பது. நூல் விநியோகத்தில் குறுக்கிட உமக்கு அதிகாரமில்லை. மாதாந்திர ஒதுக்கீட்டுக்கு மேல் அம்மைப்பால் அனுப்ப இயலாது. இவ்வளவுதான் அதில் இருந்தது. பழைய தாசில்தாரும் மாற்றலாகிப் போயிருந்தார்.

நூல் கொடுத்த இரண்டு நாளும் அவர் கொட்டகை வாசலில் நின்றார். வரிசையில் நின்றவர்களிடம் தள்ளித் தள்ளி நில்லுங்கள் என்று கெஞ்சினார். "தள்ளி நின்னா பின்னால கீறவன் பூந்துடுவான் சாமி" என்றார் ஒரு நெசவாளர். அவர் அடுத்தவரிடம் போய் அதையே கெஞ்சினார். நான் கையிலிருந்த குப்பிகள் தீரும்வரை அங்கேயே நின்று குத்தினேன். முதல் நாள் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டன.

பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் எனக்குத் தனித்தனி நாட்களாக ஞாபகமில்லை. ஒரே நீளமான வெயிலாகத்தான் இருக்கிறது. அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னார், துணியை எரிக்கச் சொன்னார், படுத்தவர்களைத் தனியே வைக்கச் சொன்னார். ஒற்றை அறை வீட்டில் தனியே எங்கே வைப்பது? மங்கம்மாவின் மகள் ராஜம்மாவை அம்மையார்குப்பத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. பிள்ளைத்தாச்சி. அவள் பெயர் என் ஊசிப் பட்டியலில் அடுத்த மாத ஒதுக்கீட்டில் இருந்தது. அவள் புருஷன் நூல் வரிசையில் இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு வந்தவன். அவனுக்கு லேசாகப் போட்டு இறங்கிவிட்டது. அவளுக்குப் போட்டது இறங்கவில்லை. எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

மங்கம்மா அதற்கு மறுநாள் வந்தாள். கையில் வளையல் சரம் இல்லை. அவர் எழுந்து நின்றார்.

"ஐயா, உன் கணக்குல என் பொண்ணு எத்தினியாவது?"

மங்கம்மா கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்தவள்போல நின்றாள்.

"கணக்குல பேரு இல்லம்மா" என்றார் கடைசியில். "எத்தனை பேருன்னுதான் தெரியும். யாருன்னு தெரியாது."

"நான் வந்து சொன்னேனே. அஞ்சு வூடுன்னு நானே வந்து சொன்னேனே" என்றாள். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். அவரும் நாற்காலியில் உட்காராமல் எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வைகாசிக் கடைசியில் நான் மொத்தத்தையும் எண்ணி எடுத்துக்கொண்டு போனேன். நூற்றுப் பதினேழு. அவர் பார்த்துவிட்டு, "சரியா எண்ணினியா? கடைசித் தெருவுல ஒரே பேரு ரெண்டு தடவை வந்திருக்கப் போகுது" என்றார். மறுபடியும் போய் எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு, ஒரு குழந்தையை விட்டிருந்தேன். அவர் காகிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்தார். தன் கணக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்ததற்கு ஒரு மனிதன் அப்படி முகம் இருண்டுபோய் நான் பார்த்ததில்லை.

ஆனி மாதம் மதனப்பள்ளிக்கு மாற்றல் வந்தது. தண்டனையா, வழக்கமான மாற்றலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ரேணிகுண்டா போகும் பாசஞ்சருக்கு வழியனுப்ப நான் ஒருவன்தான் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்தபோது, இரண்டு வருஷமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"சார், அன்னிக்கு பங்களாவுல வேற ஏதாவது சொல்லணுமான்னு கேட்டாங்க. நாம குத்தினதாலதான் நின்னுச்சுன்னு நான் சொல்லியிருக்கணும்."

நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோதெல்லாம் அவர், "அதை விடுப்பா" என்று தோளில் தட்டுவார்.

"ஆமாம்" என்றார். "சொல்லியிருக்கணும்."

கோபமில்லை. சமாதானமும் இல்லை. பிறகு, "காலையில சாப்பிட்டியா?" என்று கேட்டார். வண்டி வந்தது. பெட்டியை ஏற்றினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, ரயில் பெட்டிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு முறை சுற்றிப் பார்த்தார். வண்டி போய்விட்டது. பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே வண்டியில் பட்டணத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பார்சல் இறங்கியிருந்தது. அம்மைப்பால். மாசியில் அவர் கேட்டு அவர்கள் மறுத்திருந்த அத்தனையும், ஒன்று குறையாமல். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு அம்மையார்குப்பம் பஸ் ஏறினேன்.

கடைசித் தெருவில் முதல் வீட்டில் ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். "அதான் நோவு போயிடுச்சே. இப்ப இன்னாத்துக்கு வந்துகினு கீற?" என்றாள்.

நான் வாசலில் குந்தி உட்கார்ந்தேன். முந்தின தடவை பத்தொன்பதோடு ஏன் நின்றது, இந்தத் தடவை ஏன் நிற்கவில்லை, ஒருவரிடமிருந்து மூன்று பேருக்கு எப்படிப் போகிறது, நடுவில் யார் நின்றால் அது முட்டிக்கொண்டு நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவர் அளவுக்கு எனக்குச் சொல்ல வரவில்லை. பாதியில் உள்ளே குழந்தைகள் சண்டை போட, அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தேன். அடுத்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.